வங்கிக்குப் போகும் வழியில்

வலது கையின் ஆள்காட்டி விரல் திரையை ஒட்டி எழுத்தெழுத்தாக நகர்ந்துகொண்டிருந்தது. இடது கை தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தது. மறுமுனையில் வங்கி அலுவலர் ஒருவர், எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான வரிசை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“ஏழா, ஒண்ணா?”

“ஏழு மேடம்.”

“சரி. முதல்லேருந்து வாசிங்க.”

“முடியப் போகுது மேடம். மிச்சத்தை நீங்க வாசிங்க, நான் சரி பார்த்துச் சொல்றேன்.”

“நான் வாசிச்சா நீங்க ஆமாம் ஆமாம்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவீங்க. நீங்களே வாசிங்க.”

அவர் பெருமூச்சு விட்டு மறுபடி வாசித்தார். எல்லாம் பொருந்தியது. அவள் நன்றி சொல்லித் தொடர்பைத் துண்டித்தாள். உடனே ஒப்பந்தத்தில் அச்சாகியிருந்த வங்கியின் தொலைபேசி எண்ணை அழுத்தி, அதே அலுவலரைக் கேட்டு வாங்கி, வரிசையின் முதல் சில எழுத்துகளை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னாள்.

“இப்பதானே மேடம் பேசினோம்?”

“அப்ப நீங்க கூப்பிட்டீங்க. இப்ப நான் கூப்பிடறேன்.”

இந்தக் குணத்தால்தான் அவளுக்குத் தாழ்ப்பாள் என்று பெயர் வந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள். தொழிலில் இருப்பவர்கள் முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொன்னார்கள். அவள் காதில் விழுந்தபோது, “பரவாயில்ல, உபயோகமான சாமான்தானே” என்று விட்டுவிட்டாள்.

அவள் செய்வது இணைப்பு வேலை. ஒரு கம்பெனியின் கணக்கு மென்பொருள், யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று சொல்லும். வங்கியின் இயந்திரம் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை மனிதர்கள் கடந்தால், யாராவது ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வங்கியின் பக்கத்தில் தட்டச்சு செய்யவேண்டும். கம்பி வழியாகக் கடக்க அவள் வழி போட்டுக் கொடுப்பாள். முன்பு வங்கி ஒன்றின் பின்னறையில் கம்பெனிகள் அனுப்பும் தாள்களைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் அவள். அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டபோது, இயந்திரத்தைப் பொருத்த வந்தவர்கள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பாடம் என்று யாரும் நடத்தவில்லை. பூட்டையும் சாவியையும் ஒரே வழியில் அனுப்பாதே, வேலை முடிந்த கோப்பை வழியில் கிடக்க விடாதே என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றாள்.

தொலைபேசியில் சரிபார்த்த அந்த வரிசை, பித்தளைக் குழாய் செய்யும் ஒரு கம்பெனிக்கான சாவி. முதலாளி செலவு குறைவான வழியைக் கேட்டார். அதனால் அவள் இப்படி அமைத்தாள்: மாலையில் கணக்கு மென்பொருள் பணப் பட்டியலை ஒரு கோப்பாக எழுதி, கணக்கறைக் கணினியில் ஒரு கோப்புறையில் வைக்கும். மறுநாள் காலை வங்கி திறந்ததும், அவள் எழுதிய சிறு நிரல் அதை எடுத்துப்போய் வங்கியில் போட்டுவிட்டு, இங்கே இருப்பதை அழித்துவிடும்.

கணக்கறைக் கணினி மச்சானுடையது. முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முதலாளி மச்சான் என்று கூப்பிட, லேத் மிஷினில் நிற்பவர்களும் கூப்பிட, கடைசியில் வாசல் காவலாளியே, “மச்சான், உங்க பைக்கைக் கொஞ்சம் தள்ளி வைங்க” என்று சொல்லும் அளவுக்கு ஆகியிருந்தது. அடுத்த அறையில் முதலாளியின் மூத்த சகோதரி. பெரியக்கா. கம்பெனி ஒரே ஒரு லேத்தோடு இருந்த காலத்திலிருந்து பணப்பெட்டிச் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

“ஏம்மா, பணம் கண்ணுக்குத் தெரியாமப் போகுமா?” என்று அவர் முதல் நாளே கேட்டார்.

“ஆமாம் பெரியக்கா.”

“போறது தெரியாதுன்னா, எங்க போகுதுன்னு எப்படித் தெரியும்?”

“வங்கி பதில் அனுப்பும்.”

“பதில் யாரு பார்ப்பா? அவனா?” கண்ணாலேயே மச்சானைக் காட்டினார்.

சோதனை ஓட்டம் குறையில்லாமல் நடந்தது. வங்கி தந்த விளையாட்டுக் கணக்கில் எல்லாம் போய்ச் சேர்ந்தன. உண்மையான பணம் ஓடத் தொடங்கியதும் கோளாறு வந்தது. பெரும்பாலானவை சரியாகப் போயின. மூன்று பேருக்கு மட்டும், ‘அப்படியொரு கணக்கு இல்லை’ என்று திரும்பி வந்தது. பித்தளைக் கம்பி தருகிறவர், அட்டைப்பெட்டி செய்கிறவர், லாரிக்காரர். மூவரும் ஒரே தெருவில் கடை வைத்திருப்பவர்கள். மறுபடி அனுப்பினால் மறுபடி அதே மூவர். லாரிக்காரர் வாசலில் வந்து நின்று, “இனிமே உங்க சரக்கை நீங்களே தலையில வெச்சுத் தூக்கிட்டுப் போங்க” என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

அந்தத் தெருக்காரர்களை விட்டுவிட்டு வேறு ஆட்களைப் பிடிக்கலாம் என்று வெகு நாளாக முதலாளியிடம் சொல்லி வந்தவன் மச்சான்.

தாழ்ப்பாள் கணக்கு மென்பொருளைப் பார்த்தாள். மூவரின் எண்ணும் சரி. வங்கியின் பதிலைப் பார்த்தாள். பாதுகாப்புக்காகக் கடைசி நான்கு இலக்கங்களைத்தான் அது காட்டியது. அவையும் சரி. வங்கி அலுவலரைக் கூப்பிட்டாள்.

“உங்களுக்கு வந்த முழு எண் என்ன?”

“அதைப் போன்ல சொல்லக்கூடாது மேடம். எழுதிக் கேளுங்க, மேலிடத்துல அனுமதி வாங்கித் தர்றேன், நாளாகும். போன மாசம் நீங்கதானே எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தீங்க?”

அனுப்பிய கோப்பைப் பார்க்கலாம் என்றால், அவள் நிரல் அதை அழித்திருந்தது. யாரும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக அவளே செய்த ஏற்பாடு. மிஞ்சியது கணினியின் நடப்புப் பதிவு. அதில் ஒரு வரி: மாலையில் எழுதப்பட்ட கோப்பு, மறுநாள் காலை, நிரல் எடுத்துப்போவதற்குச் சற்று முன்னால், திருத்திச் சேமிக்கப்பட்டிருந்தது. சேமித்தவர் பெயராக மச்சானின் பெயர் இருந்தது. முந்தைய நாளும் அப்படி. அதற்கு முந்தைய நாளும்.

முதலாளியிடம் இதைக் காட்டியபோது மச்சானும் அறையில் இருந்தான்.

“காலையில நான் லோடு ஏத்தற இடத்துலதான் மாமா நிப்பேன்.”

“யார் பார்த்தா?”

“லாரிக்காரங்க பார்த்தாங்க. இப்ப அவங்கதான் பேசறதில்லையே.” அவன் தாழ்ப்பாள் பக்கம் திரும்பினான். “நடுவுல உட்கார்ந்திருக்கறது இவங்க. இவங்க வர்ற வரைக்கும் ஒரு பைசா திரும்பி வந்ததில்ல. இவங்களை யாரு சோதிக்கறது?”

“என்னைச் சோதிக்கலாம். என் வேலை எல்லாம் பதிவுல இருக்கு” என்றாள் அவள்.

“பதிவை எழுதினதும் நீங்கதானே?”

அந்தக் கேள்வி நியாயமானது என்று அவளுக்குத் தோன்றியது. நியாயமான கேள்வியைக் கேட்டதாலேயே அவன் மேல் சந்தேகம் கொஞ்சம் கூடியது.

அவன் வெளியே போனதும் முதலாளி நெற்றியைத் தேய்த்தார். “எங்க அக்கா அவனைத்தான் சந்தேகப்படறாங்கன்னு தெரிஞ்சு என் மனைவி காலையிலயே சொல்லிட்டா. என் தம்பியைத் திருடன்னு சொல்லி அனுப்பினா நானும் அவனோட போறேன்னு. நாளைக்கு வந்து ஒரே வார்த்தை சொல்லுங்கம்மா, அவன்தானா இல்லையான்னு. நீங்க சொல்றபடி செய்யறேன்.”

பெரியக்கா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “உன் பொண்டாட்டி தம்பியைப் பத்தி நான் என்னைக்கோ சொன்னேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை தாழ்ப்பாள் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். அந்த வீட்டில் இரண்டு சந்தேகப் பிராணிகள் என்று அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள்.

“அவன்தான். பேர் இருக்கு, நேரம் இருக்கு, காரணமும் இருக்கு” என்றாள்.

“அவன் பண்ணினதை யாராவது பார்த்தாங்களா?”

“பதிவு இருக்குங்க.”

“நான் பெட்டியில ஏறினா எல்லார்கிட்டயும்தான் டிக்கெட் கேப்பேன். முழிக்கிற முழியைப் பார்த்து ஒருத்தன்கிட்ட மட்டும் கேட்டேன்னு வெச்சுக்க, அதுக்குப் பேரு பரிசோதனை இல்ல. நான் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டேன்னு அர்த்தம்.” சொல்லிவிட்டு ஒரு கேரட் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். “நீ ஏன் இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கல? வாசல் கதவை இழுக்கறியே.”

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் மறுநாள் காலை, கம்பெனி திறந்த கையோடு கணக்கறைக்குள் போனாள். அலமாரிகளுக்குப் பின்னால் பழைய குழாய் மாதிரிகளை அடுக்கியிருந்த இடத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து மச்சானின் திரை தெரியும். கணினி அணைக்கப்படாமலே இருந்தது. அணைத்தால் மறுபடி உயிர் பெற அரை யுகம் ஆகும் என்று அவன் அதை அணைப்பதேயில்லை. வெளியே பெட்டிகளை இறக்கும் சத்தம் கேட்டது. நடுவில் மச்சானின் குரல், “பார்த்துடா, கால்ல போட்டுக்காதே!”

அப்படியானால் அவன் அங்கேதான் இருக்கிறான். அவள் முதுகு நிமிர்ந்தது.

கதவு மெல்லத் திறந்தது. பெரியக்கா உள்ளே வந்து, வராந்தாவை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மச்சானின் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கோப்புறையைத் திறந்து, பணக் கோப்பின் மேல் இரண்டு முறை தட்டினார். அது கட்டம் போட்ட அட்டவணை மென்பொருளில் விரிந்தது. திரையில் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக, உதடு அசைய வாசித்தார். எதையும் மாற்றவில்லை. ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

தாழ்ப்பாள் திரையையே பார்த்தாள். லாரிக்காரர் வரி. அவருடைய கணக்கு எண் பூஜ்யத்தில் தொடங்கும் என்பது அவளுக்குத் தெரியும். திரையில் அந்தப் பூஜ்யம் இல்லை. அட்டவணை மென்பொருளுக்கு அது கணக்கு எண் என்று தெரியாது. வெறும் எண் என்று நினைத்துக்கொண்டது. எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லையே, அதனால் தூக்கிப் போட்டுவிட்டது. பெட்டிக்காரர், கம்பிக்காரர் வரிகளிலும் அதேதான். ஒரே தெரு, ஒரே வங்கிக் கிளை, ஒரே மாதிரி தொடங்கும் எண்கள்.

பெரியக்கா மூடப் போனார். சேமிக்கட்டுமா என்று கணினி கேட்டது. அவர் ஆமாம் என்பதை அழுத்தினார்.

“பெரியக்கா.”

அவர் துள்ளி எழுந்ததில் நாற்காலி உருண்டு சுவரில் மோதியது. “பாவி! உயிரே போயிடுச்சு. அங்க உட்கார்ந்து என்னடி பண்றே?”

“நீங்க பண்றதைத்தான் நானும் பண்றேன். வேவு.”

அவர் ஒரு நொடி முறைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “வேற பேர் எதையாவது நுழைச்சிருக்கானான்னு பார்க்கறேன். பார்த்தா என்ன தப்பு?”

“ஏன் ஆமாம்னு அழுத்தினீங்க?”

“வெச்சுக்கட்டுமான்னு கேக்குது. வேணாம்னு சொன்னா எல்லாம் காணாமப் போயிடாதா?”

“சோதனை நடந்தப்ப நீங்க பார்க்கலியா?”

“அது விளையாட்டுப் பணம்னு நீதானே சொன்னே? அதை எதுக்குப் பார்க்கணும்?”

தாழ்ப்பாள் முதல் வேலையாக நிரலை நிறுத்தினாள். பிறகு கோப்பைப் புதிதாக எழுதவைத்து, இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். பெரியக்கா பூஜ்யம் இருந்த இடத்தையும் இல்லாத இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இடுப்புச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“தம்பிகிட்ட மிஷின் கோளாறுன்னு சொல்லிடேன்.”

“சொன்னா மச்சான் மேல சந்தேகம் அப்படியே இருக்கும். அவனை அனுப்பிடுவார்.”

“அதுக்கு நான் அழுவேன்னு நினைக்கிறியா?”

“உங்க தம்பி வீடும் காலியாகும், பெரியக்கா.”

முதலாளியின் அறையில் தாழ்ப்பாள் வாயைத் திறப்பதற்கு முன்னால் பெரியக்காவே பேசினார். “நான்தான்டா. தினமும் திறந்து பார்த்தேன். அதுல என்னமோ விழுந்துபோச்சு. இவன் ஒண்ணும் பண்ணல. இதுவரைக்கும் பண்ணல.”

மச்சான் சட்டையில் அட்டைத் தூசியோடு நின்றுகொண்டிருந்தான். “என்னை வேவு பார்த்தீங்களா?”

“பார்த்தேன். இனிமேலும் பார்ப்பேன்.”

“மாமா, கேட்டீங்களா?”

முதலாளி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் இரத்தம் திரும்பியிருந்தது. “உங்க அக்காவுக்கு முதல்ல போனைப் போடு மச்சான். பெட்டி கட்டிட்டிருக்கா.”

தாழ்ப்பாள் மச்சானிடம், “நானும் நீங்கதான்னு நினைச்சேன்” என்றாள். அவன், “தெரியும். நானும் நீங்கதான்னு நினைச்சேன்” என்றான்.

பழைய வழியை அவள் பிரித்துப் போட்டாள். கோப்பும் இல்லை, கோப்புறையும் இல்லை. கணக்கு மென்பொருளும் வங்கியும் நேராகப் பேசிக்கொள்ளும்படி புது இணைப்பு போட்டாள். முதலாளி செலவைக் கேட்டுவிட்டு மறுபேச்சுப் பேசவில்லை. மச்சான் தயாரிக்கும் பட்டியல் பெரியக்காவின் திரையில் வந்து நிற்கும். பெயரும் எண்ணும் முழுசாகத் தெரியும்; எதையும் மாற்ற முடியாது. இருவரும் அவரவர் சாவிக் கருவி ஒவ்வொரு முறையும் காட்டும் புது எண்ணை உள்ளிட்டால்தான் பணம் நகரும். அந்த மூவருக்கும் முதலில் மிகச் சிறிய தொகையை அனுப்பிப் பார்த்தாள். லாரிக்காரர் தானே கூப்பிட்டுப் பணம் வந்ததென்று சொல்லும்வரை மீதியை விடவில்லை.

கடைசி நாள் மச்சானின் சாவிக் கருவியை உறையில் போட்டு ஒட்டி, லோடு ஏற்றும் இடத்திலேயே கொடுத்தாள். அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கி, திறந்து பார்க்காமல் பையில் போட்டான். பெரியக்காவின் உறையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

“அவனுக்கும் இதே மாதிரிதானா?”

“அவனோடது வேற, உங்களோடது வேற. ஒண்ணால இன்னொண்ணைத் திறக்க முடியாது.”

“உன்கிட்ட மூணாவது ஒண்ணு இருக்குமே?”

“இல்ல. இருந்ததை உங்க தம்பி முன்னாலயே அழிச்சேன்.”

“அவன் பார்த்தான்னா சரியாப் பார்த்திருப்பானா?”

“அவரையே கேளுங்க.”

“கேக்கறேன்.”

தாழ்ப்பாள் உறையை நீட்டினாள். பெரியக்கா உடனே வாங்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவள் கையில் இருக்கும்போதே உறையைத் திருப்பச் சொல்லி, ஒட்டிய விளிம்பை நகத்தால் ஒரு முறை வருடிப் பார்த்தார். பிறகு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.