தயிர்ச்சட்டியும் கஞ்சிப் பானையும்

பிற்பகல் மூன்றே காலுக்கு சரிபுதீன் நானா போன் செய்தார். வட்டகொடை ஸ்டேஷனுக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருப்பவர். "தங்கச்சி, ஜீவா ஆட்டோவுக்குள்ள உக்காந்திருந்தான். கொஞ்ச நேரமா கால ஆட்டல்ல. அப்பவே எனக்கு வெளங்கிட்டு" என்றார்.

என் அண்ணன் ஜீவராஜ் இறந்துவிட்டார் என்பதற்கு அதைவிடச் சரியான அடையாளம் கிடையாது. அவருடைய வலது கால் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போது ஆடும். சிக்னல் விழுந்து ரயிலுக்காக நிற்கும்போது ஆட்டோவே சேர்ந்து ஆடும். தேயிலைத் தோட்டத்து வேதக் கோயிலில் ஜெப நேரத்தில் பெஞ்சு முழுவதும் நடுங்கும். பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணைத் திறக்காமலே நகர்ந்து உட்காருவார்கள். நானா கடையில் கொடுக்கும் பிளேன்டீயைப் பாதி குடித்துவிட்டு எங்கேயாவது வைத்துவிடுவார். நானாவின் மனைவி சாரா உம்மா சாயங்காலம் கிளாஸ் தேடிப் புறப்படுவார். ஆட்டோ கூரையில் ஒன்று இருக்கும், டிக்கெட் ஜன்னலில் ஒன்று இருக்கும். "இந்த மனுசனுக்கு டீ ஊத்துறதும் ஒண்டுதான், ரோட்டுக் கான்ல ஊத்துறதும் ஒண்டுதான்" என்று அவர் காதில் விழும்படியாகவே சொல்வார்.

கோயிலில் வேதபாடம் வாசிக்கிறவர் அண்ணன்தான். வாசிக்கும்போது மட்டும் குரல் நிதானமாக இருக்கும். போன வருடம் ஒரு ஞாயிறு, இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்படும் பகுதி. ஆண்கள் மட்டும் ஆறு லட்சம் பேர் கால்நடையாகப் போனார்கள் என்ற இடத்தில் நின்றார். மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தோம். புத்தகத்தை மூடினார். "மிச்சத்த இன்னொரு நாளைக்கு வாசிக்கிறேங்க பாஸ்டர்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். பெஞ்சு நடுங்கியது.

முந்தின நாள் போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். சீனாய் வனாந்தரத்தைத் தொல்லியல்காரர்கள் சல்லடை போட்டுத் தேடினார்களாம். அதைவிடப் பழைய காலத்தில் ஆடு மேய்த்தவர்கள் தங்கிய இடம்கூடத் தெரிகிறதாம். இந்தப் பெருங்கூட்டம் நடந்ததற்கு மட்டும் அந்தக் காலத்து அடுப்பில்லை, பானை ஓடில்லை.

அன்றிலிருந்து ஆட்டோவில் ஏறியவர்கள் எல்லோருக்கும் அதே கேள்விதான். "நாப்பது வருசம். ஆறு லட்சம் ஆம்பளைங்க, பொம்பளைங்க புள்ளைங்க வேற. ஒரு பானை கூடவா ஒடையல?" கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பார். கரட் மூட்டையோடு ஏறியிருந்த மீனம்மா அக்கா ஒருநாள், "தம்பி, நான் தலவாக்கலைக்குப் போகணும். நீ எகிப்துக்கு ஓட்டாத" என்றார்.

நானா சிரிக்கவில்லை. "மூசா நபி எங்களுக்கும் நபிதான். அவர் பானை ஒடச்சாரான்னு நாங்க கேக்குறல்லையே."

"நீங்க கேக்காட்டி பரவால்ல நானா. நான் ஜனத்துக்கு முன்னாடி நின்னு சத்தமா வாசிக்கிறவன். நடந்துச்சான்னு தெரியாம எப்புடி வாய தொறக்குறது?"

பாஸ்டர் தன்னால் ஆனதைச் செய்தார். எகிப்திய ராஜா ஒருவன் நாட்டிய கல் ஒன்று இருக்கிறது, இஸ்ரவேலை அழித்துவிட்டதாக அதில் பெருமை அடித்திருக்கிறான் என்று படம் காட்டினார். அண்ணன் அந்தப் படத்தை ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோரிடமும் நீட்டினார். "இல்லாதவன யாராச்சும் அழிப்பானா?" என்று துள்ளினார். அந்தச் சந்தோஷம் வாரக் கடைசிவரை தாங்கவில்லை. "பேரு இருக்கு பாப்பா. நடந்த தடந்தான் இல்ல" என்று என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டார். படியில் ஏறுவார், இறங்குவார்.

பிறகு அவருக்கே ஒன்று தோன்றியது. எங்கள் ஆட்கள் வெள்ளைக்காரன் காலத்தில் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்துதானே இந்த மலைக்கு வந்தார்கள்? வழியில் கொள்ளை நோயில் செத்தவர்களைப் புதைத்த இடம்கூடத் தெரியாது. ஆனால் நடக்கவில்லை என்று யார் சொல்வார்கள்? எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. தம்புள்ளைப் பக்கம் ஒரு குளக்கரையில் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி கஞ்சிப் பானையைப் போட்டு உடைத்துவிட்டாள். அன்று எல்லோரும் பட்டினி கிடந்து நடந்தார்கள். அவ்வளவுதான் கதை. அவள் பேர்கூட மிஞ்சவில்லை.

"அந்தப் பானைய தேடுறேன். நேத்து நடந்தவங்களுக்கே தடம் இல்லேன்னா, மூவாயிரம் வருசத்துக்கு முன்னாடி நடந்தவங்ககிட்ட எப்புடி கேக்குறது?"

தேடவும் போனார். மாதத்தில் ஒருநாள் ஆட்டோவைப் பூட்டிவிட்டு பஸ் ஏறுவார். தோண்டுவது சட்டப்படி குற்றம் என்று யாரோ சொல்லியிருந்ததால் மழை அறுத்த ஓடைக் கரைகளில் மேலே கிடப்பதை மட்டும் பார்ப்பார். துவைக்கப் போட்ட கால்சட்டைப் பையிலிருந்து அண்ணி கல்லும் ஓடுமாக எடுத்து வைப்பார். ஒருமுறை நல்ல விளிம்போடு ஒரு துண்டு அகப்பட்டது. அதைத் துவாயில் சுற்றி அனுராதபுரத்தில் பழம்பொருள் வைத்திருக்கும் ஒரு நூதனசாலைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் "மீ கிரி" என்றாராம். எருமைத் தயிர். பஸ்ஸில் போகிறவர்கள் தின்றுவிட்டு எறிகிற சட்டி. தயிர்ச்சட்டி அடுப்பில் ஏறாது, சமைத்த பானை என்றால் வெளிப்பக்கம் அடியில் கரி இருக்கும், அதைப் பார்த்துக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஸ்டாண்டில் அவருக்கு 'தயிர்ச்சட்டி' என்றே பேராகிவிட்டது. அண்ணன் கோபிக்கவில்லை. "பாத்தீங்களா நானா, தயிர் தின்னவனுக்கு சாட்சி இருக்கு. கஞ்சி குடிச்சவனுக்கு இல்ல."

நானாதான் அவரை மடக்கினார். "கெடைக்காட்டித்தானே ஒனக்கு நல்லம்? தடம் இல்லாமலும் ஆக்கள் நடப்பாங்கன்னு ஆகுமே. பொறகு என்னத்துக்கு தேடுற?"

அண்ணன் பாதி டீயை ஆட்டோ கூரையில் வைத்தார். ஸ்டேஷன்வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். "மோசேய ஆண்டவர் பாத்துக்குவாரு நானா. நம்மாளுங்களுக்கு யாரு இருக்கா?"

அடுத்த ஞாயிறு பாஸ்டரிடம், "கரி புடிச்ச ஓடு ஒண்ணு கெடைக்கட்டுங்க. மிச்சத்த நானே வாசிச்சுர்றேன்" என்றார். அந்த ஒரு துண்டு எதையும் நிரூபிக்காது என்று பாஸ்டருக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். பாஸ்டர் அந்தப் பகுதியை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

போன வாரம் மறுபடி போய் வந்தார். உள்ளங்கை அளவு ஒரு துண்டு, இரண்டு பக்கமும் செம்மண் இறுகியது. வீட்டில் கழுவினால் அண்ணி சத்தம் போடுவார் என்று கடைசி நாள் மதியம் சாரா உம்மாவின் பாத்திரம் கழுவும் பேசினில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்திருக்கிறார். அந்த நேரம் பூண்டுலோயாவுக்கு ஒரு ஹயர் சவாரி வந்தது. "வந்து பாக்கிறேன், யாரும் தொடாதீங்க" என்று போனவர், திரும்பி வந்து ஆட்டோவை விட்டு இறங்கவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் போனபின் நானா பேசினை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார், தண்ணீரோடு. என் வீட்டு மேசையில் வைத்துவிட்டு, "நாங்க தொடல்ல தங்கச்சி" என்றார்.

அது இப்போதும் மேசையில்தான் இருக்கிறது. ஓட்டின் உட்பக்கத்தை அண்ணன் நன்றாகத் தேய்த்திருக்கிறார். வெளிப்பக்கம் இன்னும் மண்ணோடு இருக்கிறது.