உள்ளேன் அக்கா

என் எழுத்து கோழி கிண்டிய குப்பை மாதிரி இருக்கும், ஒற்று எங்கே வரும் எங்கே வராது என்பதும் எனக்குப் பிடிபட்டதில்லை. ஐந்தாம் வகுப்போடு எண்ணெய்க்கடை வேலைக்குப் போனவன் எழுதுவது என்று பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் நான் படித்தது ஒரே ஒரு பள்ளிக்கூடத்தில்தான். மைதாவும் மயில்துத்தமும் சேர்ந்து கொதிக்கிற பசை வாசனை அங்கே எந்நேரமும் அடிக்கும்.

தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் எங்கள் காம்பவுண்டு வீடுகள் எல்லாவற்றிலும் பெண்கள் தீப்பெட்டி ஒட்டுவார்கள். அம்மாவும் ஒட்டினாள். சாயந்திரம் பசை ஆறுகிற நேரத்தில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் நடக்கும். டீச்சர் அம்மா, அவள் படித்தது மூன்றாம் வகுப்பு. மாணவர்கள் என் அக்கா கனியும் நானும். என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா, பிறந்து வெகுநேரம் கழித்துத்தான் அழுதாளாம். பேச்சும் விவரமும் அவளுக்கு மெதுவாகவே வந்தன. இப்போது "சிறப்புக் குழந்தை" என்கிறார்கள், அப்போது "மந்தம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த மூன்றாம் நாள், மணியடிக்கிற கட்டையை அவள் எங்கேயோ ஒளித்து வைத்துவிட, சாயந்திரம் யாருக்கும் பள்ளிக்கூடம் விடவில்லை. மறுநாள் டீச்சரே அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "தாயி, இவ இருந்தா பள்ளிக்கூடம் நடக்காது" என்றார்கள். "அப்போ இங்கன நடக்கட்டும்" என்றாள் அம்மா.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒன்றுதான். ஒரு தேரோட்டத்தில் அக்கா தொலைந்துபோய், அரைநாள் ஒரு வளையல் கடையில் உட்கார்ந்திருந்தும், தன் பெயரைக்கூட யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வெளியே போனால் அம்மா தன் முந்தானையை அவள் மணிக்கட்டில் முடிந்துவிடுவாள். "நான் போன பொறவு இவ தொலைஞ்சா யாருலே கொண்டாந்து விடுவா?" என்பாள். அதனால் பெயர், அப்பா பெயர், ஊர், தெரு, வீடு, இவ்வளவையும் அக்கா வாயால் சொல்லவைக்க வேண்டும். ஆனால் "உன் பேரு என்ன?" என்று அம்மா கேட்டால், அக்கா விழுந்து விழுந்து சிரித்து, "ஒனக்குத் தெரியாதாம்மா?" என்பாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

கடைசியில் கைகொடுத்தது ஆஜர் எடுப்பதுதான். பள்ளிக்கூடத்தில் இருந்த மூன்று நாளில் அக்காவுக்கு மனதில் ஒட்டியது அது ஒன்றே. அம்மா சில்வர் தட்டில் கரண்டியால் தட்டி, லேபிள் தாளின் பின்புறத்தைப் பார்த்து "கனி!" என்று கூப்பிட்டால், அக்கா எழுந்து, "உள்ளேன் அம்மா. அப்பா சுடலைமுத்து. கோவில்பட்டி. பிள்ளையார் கோவில் பின்தெரு. வேப்பமரத்து காம்பவுண்டு, மூணாவது வீடு" என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். அடுத்து "வேல்சாமி!" என்றதும் நானும் எழுந்து அதையே சொல்ல வேண்டும். சட்டம் எல்லாம் அக்காவுடையது. எல்லோரும் ஆஜர் ஆகாமல் யாரும் உட்காரக்கூடாது. வராதவன் லீவு லெட்டர் தர வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்து, அதே அறையில் அவள் காலடியில் படுத்திருந்தபோதும் லெட்டர் எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டாள்.

ஆனால் தட்டும் ஆஜரும் இல்லாத இடத்தில் அவள் வாயே திறக்கமாட்டாள். அம்மாவுக்கு அந்தக் கவலை மட்டும் தீரவில்லை.

எனக்குப் பதினோரு வயதில், கடம்பூரில் சித்தி வீட்டுக்குப் பாசஞ்சரில் போனோம். ஸ்டேஷனில் இறங்கியதும் அம்மா முடிச்சை அவிழ்த்து, "கையை விட்டுராதலே" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனாள். என் வயதுப் பையன்கள் இரண்டு பேர், அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கூச்சம் பிறவியிலேயே உண்டு. கையை விட்டுவிட்டுத் தண்டவாளத்தைப் பார்க்கிறவன் மாதிரித் திரும்பி நின்றேன். ரயில் புறப்பட்டுப் போனபின் பார்த்தால் அக்காவைக் காணோம். தூக்குவாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "நீ அங்கிட்டு ஓடு" என்று மட்டும் சொன்னாள். அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு போளிக்கடை. கடைக்கார அண்ணாச்சி, ஒரு லாரி டிரைவர், கூடைக்காரி ஒருத்தி, மூன்று பேரும் அக்காவுக்கு முன்னால் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். பெயரைக் கேட்டதற்குச் சிரித்துவிட்டு, தட்டையும் கரண்டியையும் கையில் எடுத்துக்கொண்டு இவளே எல்லோரையும் எழுப்பி நிறுத்திவிட்டாளாம். "கனி!" என்று கூப்பிட்டு, தானே "உள்ளேன் அம்மா" என்று முழு விலாசத்தையும் சொன்னாள். பிறகு "வேல்சாமி!" என்றாள். "வேல்சாமி வரலை" என்று அழுகிற குரலில் சொன்னாள்.

அண்ணாச்சி வாசலில் நின்ற என்னிடம், "தம்பி, சின்னப்பய ஒருத்தனைப் பாத்தியா? பேரு வேல்சாமி. கோவில்பட்டிக்காரன், தொலைஞ்சு போயிட்டானாம். பாவம், அக்காக்காரி தவிக்கா" என்றார்.

அந்தச் சின்னப்பயல் நான்தான். வாசல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

"ஏம்மா, போளி ஆறுது. உக்காரலாமா?" என்று டிரைவர் கெஞ்சினார். "வேல்சாமி வரணும்" என்றாள் அக்கா. வேறு வழியில்லாமல் கூடைக்காரி பக்கத்தில் போய் நின்று, "உள்ளேன் அக்கா" என்றேன். அப்பா பெயரில் தொடங்கி மூணாவது வீடு வரைக்கும் சொல்லவைத்த பிறகுதான் எல்லோரையும் உட்காரவிட்டாள்.

பின்னாலேயே வந்த அம்மாவை அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். "ஆம்பளப் பிள்ளைய இப்பிடியா விடுதீங்க? இந்தப் பிள்ளை மட்டும் விலாசம் சொல்லலைன்னா ஒங்க பய கதி என்ன?"

"தப்புதான் அண்ணாச்சி, தப்புதான்" என்று அவ்வளவு ஏச்சையும் அம்மா பரிசு வாங்குகிறவள் மாதிரி முகமெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டாள். திரும்புகிற ரயிலில் முந்தானை முடிச்சு என் மணிக்கட்டில் இருந்தது. எதிர் சீட்டில் அதே இரண்டு பையன்கள்.

இப்போது தீப்பெட்டியெல்லாம் மெஷினில் வருகிறது; தெருவில் பசை வாசனை இல்லை. அம்மா படுக்கையில் விழுந்தபோது டீச்சர் வேலை அக்காவுக்கு வந்தது, அம்மா படுத்தபடியே "உள்ளேன் கனி" என்பாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. இன்றும் சாயந்திரம் தட்டு ஒலிக்கும். என் மனைவியும் நானும் எழுந்து நிற்போம். அக்கா முதலில் அம்மா பெயரைத்தான் கூப்பிடுவாள். "வரலை. லீவு லெட்டர் எங்கலே?" என்பாள் என்னிடம். "நாளைக்குத் தாரேன் அக்கா" என்பேன். அவளுக்குக் கால் வலித்தால்தான் நாங்கள் உட்காரலாம்.

என் கையெழுத்துக்குக் கூச்சப்பட்டும், என்ன காரணம் எழுதுவதென்று தெரியாமலும் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். இன்று அம்மாவின் லீவு லெட்டரை எழுத உட்கார்ந்தால் இவ்வளவு நீளமாகிவிட்டது. எத்தனை நாள் லீவு என்பதை மட்டும் எழுதவில்லை. அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் தேதி போடாத லெட்டரை வாங்கமாட்டாள்.

12-10-2025, ஞாயிறு.