உ, ச, க, ந

மண்ணெண்ணெயில் நனைத்த கந்தலால் துடைத்தபோது, கறுத்துக் கிடந்த இரும்பில் உளிவெட்டு ஒன்று விரலில் நெருடியது. துடைக்கத் துடைக்க எழுத்தாகத் தெளிந்தது: "உ".

தொண்ணூறுகளின் இறுதியில், கிழக்கேகோட்டை வீட்டு முற்றத்தில், அப்பாவின் பழைய ஜீப்பை மறுபடி ஓட்டிப் பார்க்க அண்ணனும் நானும் இறங்கியிருந்தோம். அண்ணன் லாரி ஓட்டி ஓய்ந்தவர். நான் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவன். சாலை என்னும் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்த அப்பா, கல்லாறு வரை மூட்டை ஏற்றிப் போன ஜீப் அது. எஞ்சினைத் தன் கையாலேயே பிரித்துப் போட்ட வாரத்தில் படுத்தவர் பிறகு எழவில்லை. பாகங்கள் கிரீஸ் தடவிச் சாக்கில் கட்டியபடியே வருடக்கணக்கில் கிடந்தன.

பிஸ்டனைத் தாங்கும் ராடுகள் நான்கு. ஒவ்வொன்றும் தன் சிலிண்டரிலேயே தேய்ந்து பழகியது. இடம் மாறினால் எஞ்சின் இடிக்கும். "நம்பர் ஒண்ணையும் காணலியே டே" என்றார் அண்ணன். எண்ணுக்குப் பதில் எழுத்துகள்தான் இருந்தன: உ, ச, க, மங்கலாக ஒரு ந.

படித்தவன் என்ற தோரணையில் நான் விளக்கினேன். உ என்பது பிள்ளையார் சுழி, ஆகவே அதுதான் முதல். மற்றவை பிள்ளைகளின் பெயர்கள், வயது வரிசையில்: அண்ணன் சங்கரன், நான் கணேசன், தங்கை நளினி.

அண்ணன் "ச" வெட்டிய ராடை வெகுநேரம் கீழே வைக்கவில்லை. பள்ளிக்கு மட்டம் போட்டு இதே ஜீப்பின் அடியில் கிடந்ததற்காக அப்பா அவரை ஃபேன் பெல்ட்டால் அடித்து, நாகர்கோவிலில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதன் பிறகு அப்பா அவர் முகம் பார்த்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை. "என் பேரையும் வெட்டிருக்காரு, பாத்தியா? அதும் ஒனக்கு முந்தி!" என்று சிரித்தார் அண்ணன். கண் கலங்கியிருந்தது.

அந்த வரிசையிலேயே பூட்டினோம். எஞ்சின் கிளம்பியதும் உலக்கை போட்டதுபோல இடித்தது. "மதி டே, மதி! போதும், நிறுத்து!" என்று கத்தினார் அண்ணன்.

சத்தம் அடங்கிய பிறகுதான் எனக்கு மண்டி ஞாபகம் வந்தது. பள்ளி விட்டதும் நான் அங்கே போய், சணல் நாறும் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருப்பேன்; அப்பா நீலச் சாயம் தொட்டு மூட்டைகளுக்குக் குறி போடுவார். ஒருமுறை இரண்டாவது மூட்டையில் அவர் "உ" போட்டதும் சுமடு தூக்குகிறவர் ஒருவர், "மொதலாளி, பிள்ளையாருக்கு முந்தி ஒரு மூட்டை போயாச்சே!" என்று கேலி செய்தார். "சுழி இல்லடே, ரெண்டு. எங்கப்பா காலத்துக் கணக்காக்கும்" என்றார் அப்பா. மலையாளப் பள்ளியில் படித்த எனக்கு அந்தத் தமிழ் எண்கள் அதுவரை மனத்தில் நிற்கவில்லை. இப்போது தெளிந்தது: க ஒன்று, உ இரண்டு, ந போலத் தெரிந்தது மூன்று, ச நான்கு.

கண்டுபிடித்த பெருமையில் அப்படியே சொல்லிவிட்டேன். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அப்போ அது என் பேரு இல்ல, அல்லே?"

"இல்லண்ணே. நாலு."

"ம். நாலாவதுல போடு."

மாற்றிப் போட்டோம், எஞ்சின் சீராக ஓடியது. கல்லாறு வரை போய்வரலாம் என்றேன். "முதுகு வலிக்குது டே, நீ போயிட்டு வா" என்றார். அந்த ஜீப்பில் அவர் ஒருநாளும் ஏறவில்லை.

இன்று அண்ணன் இல்லை. ஜீப்பை விற்றாயிற்று, மண்டி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் குடம் விற்கிறார்கள், அந்த எண்களால் குறி போடுகிறவர் சாலைக் கடைத்தெருவில் எவருமில்லை. இவற்றுக்கெல்லாம் வருந்த எனக்குத் தெம்பில்லை. உன் பேருதான் அண்ணே, கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர் வராத ஒரு நாளில் நானே ராடுகளை மாற்றியிருக்கலாம். அது தோன்றாத அளவுக்கு நான் மந்தமானவன் அல்ல. நான் கண்டுபிடித்ததைக் கேட்க எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. பக்கத்தில் அண்ணன் மட்டும்தான் இருந்தார்.