ஆரியசாலையில் ஒரு துளி ரத்தம்

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு நாகர்கோவிலில் திருவனந்தபுரம் பாசஞ்சர் ஏறினேன். டிக்கெட் இருபது ரூபாய். எழுபது கிலோமீட்டர்தான் தூரம். ஆனாலும் தனியாகப் போவது இது இரண்டாவது தடவை. எதிர் சீட்டுக்காரி "எங்க போறிய?" என்று கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஐம்பத்திரண்டு வயதாகியும் புது ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது.

போன காரணம் இதுதான். என் தங்கை செல்வி ஆரியசாலையில் இருக்கிறாள். நாலு மாதமாக ஆராய்ச்சிக்காரர்கள் அவள் வீட்டுக்கு வந்து சுகர் பார்க்கிறார்கள். மெஷின், ஊசி, நோட்டு எல்லாம் இலவசம். மற்ற நாட்களில் அவளே வீட்டில் சுகர் பார்த்து நோட்டில் எழுதி வைக்க வேண்டும். இப்போது அவளுடைய பதினைந்து வயது மகள் அபியையும் சேர்க்க வேண்டுமாம். வளரும் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கும் இன்னொரு ஆராய்ச்சியாம். அவள் விரலிலும் ஒரு துளி ரத்தம் எடுப்பார்களாம்.

"அவருக்குக் கடையில லீவு தரமாட்டாங்க. நீ வந்து பாருக்கா. வேண்டாம்னு நீ சொன்னா நான் ஒப்பு போடமாட்டேன்" என்று போனில் சொன்னாள். ஒப்பு என்றால் அந்த ஊரில் கையெழுத்து.

எனக்கும் ஆறு வருடமாக சுகர் உண்டு. இலவசமாக எனக்கு யாரும் ஒரு ஊசி கொடுத்ததில்லை. வயதுக்கு வந்த பிள்ளையின் ரத்தம் இவர்களுக்கு எதற்கு? பாறசாலை தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டரைக்குத் தம்பானூரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். மீட்டரையே பார்த்துக்கொண்டு இருந்தேன். டிரைவர் கண்ணாடியில் கவனித்துவிட்டார்.

"அம்மா, மீட்டர நோக்கி நோக்கி அதையே பேடிப்பிச்சு பயமுறுத்திட்டீங்க. முப்பதுக்கு மேல ஏறவே இல்ல!"

முப்பதுதான் வந்தது. சில்லறையாகக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

வற்றல் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே தும்மிக்கொண்டே செல்வி வீட்டுச் சந்துக்குள் நுழைந்தேன். வீடு பண்டிகைக்குத் துடைத்த மாதிரி இருந்தது. எப்போதும் அலமாரியில் இருக்கும் மிக்சர் டப்பாவும் சிப்ஸ் டப்பாவும் இல்லை. எனக்குப் புட்டும் கடலையும் வைத்தாள்.

"நீ சாப்பிடலியாட்டி?"

"சிஸ்டர் போகட்டும்க்கா. அப்பறம் சாப்பிடுதேன்."

முகம் வெளுத்திருந்தது. நாலு மாதத்தில் உருக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். சுகர் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரே பேனா, ஒரே மாதிரி எழுத்து. எண்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று அவ்வளவு பக்கத்தில் இருந்தன. இந்த ஆராய்ச்சிக்காரர்கள் வந்து எழுதி வைக்கிறார்களோ என்று அதிலும் சந்தேகப்பட்டேன்.

பத்தரைக்கு அந்த ஆராய்ச்சி நர்ஸ் பிந்து வந்தாள். முப்பது வயதிருக்கும், தோளில் பெரிய பை. ஒப்பு போட வேண்டிய ஃபாரம் மலையாளத்தில் இருந்தது. அபிதான் வாசித்துத் தமிழில் சொன்னாள். காகிதத்தில் ஏழு வரி இருந்தது. இவள் ஆறுதான் சொன்னாள். அப்போது நான் ஒன்றும் கேட்கவில்லை.

பிந்து செல்வியின் விரலில் ஊசியால் குத்தினாள். மெஷின் எண் காட்டுவதற்குள் செல்விக்கு வியர்த்து ஊற்றியது. கை நடுங்கியது. என்னவோ சொல்ல வந்தாள், நாக்கு குழறியது.

நான் பாய்ந்து பிந்துவின் கையைப் பிடித்துவிட்டேன். "என்ன குத்தினே? சொல்லு, என் தங்கச்சிக்கு என்ன குத்தினே?"

அவள் கையை உதறவில்லை. மெஷினை என் பக்கம் திருப்பினாள். ஐம்பத்திரண்டு.

"சுகர் ரொம்பத் தாழ்ந்துபோச்சு சேச்சி. பஞ்சசார கொண்டுவாங்க. சர்க்கரை, சர்க்கரை! வேகம்!"

அடுக்களைக்கு ஓடினேன். ஒரு டப்பாவிலும் சர்க்கரை இல்லை. அபி என்னைத் தள்ளிவிட்டுப் போய் அரிசி டிரம்மில் முழங்கைவரை கைவிட்டாள். உள்ளே இருந்து சர்க்கரை டப்பா வந்தது. பின்னாலேயே மிக்சர், சிப்ஸ்.

சர்க்கரைத் தண்ணீர் குடித்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் செல்விக்குப் பேச்சு தெளிந்தது. அதற்குள் அபி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"பெரியம்மா, அம்மா நேத்து மத்தியானத்துக்கு அப்பறம் ஒண்ணும் சாப்பிடல. காலைல சுகர் குளிகை ஒண்ணுக்குப் பதிலா ரெண்டு முழுங்கினாங்க. டெஸ்ட்ல குறைச்சுக் காட்டணும்னு. சிஸ்டர் வரும்போ எப்பவும் இதுதான். நோட்டும் தலேநாள், வர்றதுக்கு முந்தின ராத்திரி, மொத்தமா உக்காந்து எழுதுறது."

பிந்து கோபப்படவில்லை. அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. "எதுக்கு சேச்சி? நான் மார்க்கு போடவா வாறேன்?"

"வந்த எடத்துல நீங்க ஏமாந்து போகக்கூடாதேன்னு..." என்றாள் செல்வி. விருந்தாளிக்கு வீடு கூட்டி வைப்பதுபோல உடம்பையும் கூட்டி வைத்திருக்கிறாள்.

பிந்து டாக்டரிடம் போனில் பேசினாள். செல்வியைப் புட்டு சாப்பிட வைத்து, மறுபடி குத்திப் பார்த்தாள். நூற்றுப் பத்து. இன்றைக்கே கொண்டுபோய்க் காட்டச் சொன்னார் டாக்டர். ஃபாரத்தை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனவளை நான் நிறுத்தினேன்.

"அபி, அதுல ஏழு வரி இருக்கு. மிச்சம் ஒண்ணு என்ன?"

அவள் தலை குனிந்தாள். "தினமும் என்ன சாப்பிட்டேன்னு நானே எழுதணுமாம். வீட்டுல பெரியவங்க சொல்லித் தரவோ பாக்கவோ கூடாதாம். அதச் சொன்னா அம்மா ஒப்பு போடாதுன்னு வாசிக்கல." பிறகு அம்மாவைப் பார்த்தாள். "பாதி நாள் நான் காலைல ஒண்ணும் தின்னாமத்தான் ஸ்கூல் போறேன். அம்மா அக்கம்பக்கத்துக் கூட்டுகாரிகளிட்ட மூணு இட்லின்னு சொல்லும். மூணு இட்லின்னே எழுதச் சொல்லுமே."

செல்வி வாயைத் திறந்தாள். நான் பேனாவை அவள் கையில் கொடுத்தேன்.

"ஒப்பு போடு. ஆனா பிள்ளை நோட்ட நீ தொடக்கூடாது."

போட்டாள். அபி தானாகவே விரலை நீட்டினாள்.

மத்தியானம் செல்வியை டாக்டரிடம் காட்டி, இனி ஒரு குளிகைக்கு மேல் தொடமாட்டேன் என்று அவர் முன்னாலேயே சொல்ல வைத்தேன். திரும்பி வந்ததும் மிக்சர் டப்பாவும் சர்க்கரை டப்பாவும் பழைய இடத்துக்குப் போயிருந்தன. மூன்றே முக்கால் பாசஞ்சரில் ஏறினேன். மடியில் செல்வி கட்டிக்கொடுத்த இடியாப்பம். செல்வி ஊரில் சுகர் பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். எங்கள் ஊரில் நாங்கள்தான் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டும். எனக்கும் அவளுக்கும் வேறு வித்தியாசம் ஒன்றும் இல்லை. மறுநாள் வியாழக்கிழமை, எனக்குச் சாப்பிட்ட பின் சுகர் பார்க்கும் நாள். ஆறு வருடமாக டெஸ்டுக்கு முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு நான் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தொடுவதில்லை. மறுநாள் காலை பாதி இட்லியோடு போய் நிற்பேன். "நல்லா கண்ட்ரோல்ல வெச்சிருக்கியே" என்று டாக்டரம்மா சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். காலையில் நான் பிந்துவின் கையைப் பிடித்துக் கேட்டது தப்பான ஆளிடம். என்னையே கேட்டிருக்க வேண்டும்.

குழித்துறை தாண்டியதும் பொட்டலத்தைப் பிரித்தேன். எதிர் சீட்டில் இருந்த அம்மாள் "இப்பவே சாப்பாடா?" என்று கேட்டாள்.

"எனக்கு சுகர் உண்டு. நேரத்துக்குச் சாப்பிடணும்" என்றேன். புது ஆளிடம் நானாகச் சொன்ன முதல் உண்மை அது. நாளைக்கு வருகிற எண் வரட்டும் என்று மூன்று இடியாப்பத்தையும் சாப்பிட்டேன்.