ஓட முடியாதவன் தூக்கிய கை

கட்கி சிக்னலில் விளக்கு எரியாத நாள்களில் அதன் வேலையும் என் கைக்கு வந்துவிடும். தூக்கினால் வண்டி நிற்க வேண்டும், இறக்கினால் போக வேண்டும். பதினோரு வருடங்களாக இதுதான் பிழைப்பு. பத்து மணிக்கே வலது முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிடும். அதற்கப்புறம் சாயங்காலம் வரை எப்படி நிற்கிறேன் என்பது எனக்கே தெரியாது.

அதற்கு முன்னால் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடினேன், ஒரு கிளப்பில் பின்வரிசைத் தடுப்பாட்டக்காரனாக. எதிரணிக்காரன் எங்களைத் தாண்டி ஓடினால் கையைத் தூக்கி, கோட்டோரம் கொடியோடு நிற்கும் லைன்ஸ்மேனைப் பார்த்து ‘ஆஃப்சைட்’, அதாவது பந்தை உதைக்கும் முன்பே தாண்டிவிட்டான், செல்லாது என்று கத்துவது எங்கள் கூட்டத்துக்கே உள்ள கெட்ட பழக்கம். கடைசி ஆட்டத்தில் நானும் அப்படித்தான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கொடி எழவில்லை, கோல் விழுந்தது. அடுத்த சீசனுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. கால் கொஞ்சம் தேறியதும் விளையாட்டுக் கோட்டாவில் டிராஃபிக் போலீஸானேன்.

உண்மையில் அது ஆஃப்சைட் இல்லை என்று எனக்குத் தெரியும். வீங்கிய முழங்காலை மறைத்துக்கொண்டு ஆடினேன். சொன்னால் இடம் போய்விடும். ஓட முடியவில்லை, கையைத் தூக்கிவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று அப்பா ஃபாக்டரிக்கு லீவு போட்டுவிட்டு ஆட்டம் பார்க்க வந்திருந்தார். வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை. பிறகும் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. டிவியில் கால்பந்து வந்தால் சேனலை மாற்றிவிடுவார். சோம்பேறி என்று நினைத்துவிட்டார் என்றே நான் இத்தனை வருடமும் புழுங்கினேன். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர், கைத்தடியோடு என் சிக்னலில் வந்து நின்றார். கையைத் தூக்கினேன். பஸ் நின்றது, ரிக்‌ஷாக்கள் நின்றன. அவர் பாதி ரோடு தாண்டியபோது பஸ்ஸின் பக்கத்திலிருந்து ஒரு பைக் சீறி வந்தது. ஒரு கணம் கையைத் தூக்கியபடியே மரமாக நின்றேன். பிறகு ஓடினேன். போய் ஹேண்டிலைப் பிடித்தபோது சக்கரம் அவர் வேட்டியை உரசி நின்றிருந்தது. “சாரி, சாஹேப்” என்று பைக்காரன் இழுத்தான். அவனைத் திட்டக்கூட மூச்சு இல்லை.

மறுபடி கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்திவிட்டு, அப்பாவோடு நொண்டி நொண்டி நடந்தேன்.

“அன்னிக்கும் இதே முட்டிதானேடா?” என்றார்.

“உனக்கு எப்டிப்பா தெரியும்?”

“ரெண்டு வாரமா மாடிப்படிய ஒத்தக் கால்ல எறங்கிக்கினு இருந்தே. எனக்குக் கண்ணு இல்லியா?”

“அப்புறம் ஏன்பா ஒண்ணுமே கேக்கல?”

“நீயா வந்து சொல்லுவியேன்னு இருந்தேன்.”

பின்னால் ஹாரன்கள் கத்த ஆரம்பித்தன. கையை இறக்க எனக்குத் தோன்றவில்லை.