கீழ் சிலிண்டரில் தண்ணீர்

நோர்வூட் பக்கத்தில் ஆற்றை மறித்து அணை கட்டியபோது எங்கள் தேயிலைத் தோட்டம் இரண்டாகப் பிரிந்தது. நாங்கள் குடியிருக்கிற லயங்கள் இந்தக் கரையில். நல்ல கொழுந்து தருகிற மலை அந்தக் கரையில். தண்ணீரைச் சுற்றி நடந்து போனால் பாதிக் காலை போய்விடும் என்று தோட்டத்தை நடத்துகிற துரை ஒரு படகு வாங்கினார். படகு புதிது. அதன் பின்னால் மாட்டிய மோட்டார் மட்டும் கடற்கரைப் பக்கம் மீன் பிடித்து ஓய்ந்த கிழடு. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டிய ரகம், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்.

நான் அப்போது ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இயந்திரம் பழுதுபார்க்கிற பிட்டர் வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தரையில் நின்ற இடத்தில் ஓடுகிற இயந்திரங்கள்தான் எனக்குப் பழக்கம். எனக்கு முன்பிருந்த பிட்டர்தான் அந்தக் கிழட்டு மோட்டாரைப் பிரித்துப் பூட்டி ஓட வைத்தவர். அவர் இந்தியாவுக்குப் போய்விட்டார். மோட்டார் என் தலையில் விழுந்தது.

படகை ஓட்டியவர் எங்கள் லயத்து மனிதர், என்னைவிட மூத்தவர். அதற்கு முன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். படகு கைக்கு வந்தபிறகு காக்கிச் சட்டையைத் தினமும் துவைத்துப் போட ஆரம்பித்தார். கொழுந்து எடுக்கிற பெண்கள், "கப்பல்காரரு வர்றாரு, வழிய விடுங்கடி" என்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். ஆனால் அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

மோட்டார் சில நாளாகவே இளைத்துக்கொண்டு வந்தது. ஒருநாள் காலை பெண்களை ஏற்றிக்கொண்டு போகும்போது நடுத்தண்ணீரில் நின்றேவிட்டது. பலகையாலும் கையாலும் தண்ணீரைத் தள்ளிக் கரை சேர்ந்தார்கள். மலை வேலையெல்லாம் மேற்பார்க்கிற கண்டாக்கையா கரையில் நின்றுகொண்டிருந்தார். லாரி மோட்டார் கொஞ்சம் தெரிந்தவர். கீழ் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பிளக்கில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

மறுநாள் பெரட்டில், விடிந்ததும் எல்லோரும் வரிசையாக நின்று வேலை வாங்கிக்கொள்கிற அந்த இடத்தில், கண்டாக்கையா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பெட்ரோல வித்துட்டுத் தண்ணிய ஊத்தியிருக்கான் இந்தத் திருடன். இனிமே இவனுக்குப் படகு இல்ல. மம்பட்டிய எடுத்துக்கிட்டு மலைக்குப் போகட்டும்."

உண்மையைச் சொன்னால், நானும் அதை நம்பினேன். பெட்ரோல் கைமாறுவது புதுமையல்ல. பிளக்கில் தண்ணீர் இருந்ததும் பொய்யல்ல.

வேலை விட்டதும் படகுக்காரர் ஸ்டோருக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"தம்பி, நீங்க ஒருக்கா அந்த மோட்டார பாருங்க."

"பாத்து என்னாண்ணே செய்ய? படகுதான் போயிருச்சே."

"படகு கெடக்குது தம்பி. நாளைக்கும் நான் அந்த வரிசையிலதான் நிக்கணும். பொண்டாட்டியும் அங்கதான் நிக்கிறா."

எனக்கு எரிச்சலாக வந்தது. அவர்மேலா, கண்டாக்கையாமேலா, அந்தக் கிழட்டு மோட்டார்மேலா என்று தெரியவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் தாங்கியிலிருந்த பெட்ரோலை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வைத்தேன். தண்ணீர் கலந்திருந்தால் அது கீழே தனியாகத் தங்கும். எவ்வளவு நேரம் வைத்தும் தங்கவில்லை. அப்போதே சந்தேகம் வந்தது. மேல் பிளக்கைக் கழற்றினேன். அது கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு, ஈரமில்லாமல் இருந்தது. கீழ்ப் பிளக் கழுவித் துடைத்ததுபோல் வெளுத்திருந்தது. இரண்டும் ஒரே தாங்கியிலிருந்து குடிக்கிறவை. பெட்ரோலில் தண்ணீர் இருந்தால் மேல் சிலிண்டரும் அல்லவா நனைய வேண்டும்?

பிளக் ஓட்டையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தேன். மேலே விரலைத் தூக்கி எறிந்தது. கீழே சும்மா மூச்சுவிட்டது. சிலிண்டர் எங்கோ காற்றை விடுகிறது. காற்று வெளியே போகிற வழியில் ஏரித் தண்ணீர் உள்ளே வரலாம்; மோட்டாரைக் குளிரவைக்க அந்தத் தண்ணீர்தான் சிலிண்டரைச் சுற்றி ஓடுகிறது.

மூடியைத் திறந்தேன். மூடிக்கும் சிலிண்டருக்கும் நடுவே தண்ணீரைத் தடுக்க ஒரு பேக்கிங் இருக்கும். பழைய பிட்டர் அதைத் தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டுகிற ஈயத்தாளை மடித்து வெட்டி வைத்திருந்தார். தோட்டத்தில் அந்தத் தாள் படாத இடமில்லை. கூரை ஓட்டைக்கு அது, குழாய் ஒழுக்குக்கு அது. ஸ்டோர்க்காரனுக்குக் கை முதலில் அதற்குத்தான் போகும். ஆனால் நெருப்பு வெடிக்கிற இடத்தில் ஈயம் நிற்குமா? கீழ் சிலிண்டர் பக்கம் உருகி, விரல் அகலத்துக்கு வழி விட்டிருந்தது.

ஹட்டனில் முஸ்லிம் கடைக்காரர் ஒருவரிடம் செம்பு பேக்கிங் வாங்கிவந்து பூட்டினேன். இரண்டு சிலிண்டரும் அடித்தன. உருகிய ஈயத்தைக் கண்டாக்கையாவிடம் காட்டினேன். அவர் புரிந்துகொண்டார். "சரி, நாளையிலேருந்து அவனயே ஓட்டச் சொல்லு," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் பெரட்டுக்கு நானும் போனேன். கண்டாக்கையா படகுக்காரரைப் பார்த்து, "நீ படகுக்கு," என்றார்.

அவர் மம்பட்டியோடு நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "திருடன்னு சொன்ன எடத்துல, இல்லன்னும் சொல்லுங்க ஐயா. அப்புறம் போறேங்க."

கண்டாக்கையா என் பக்கம் திரும்பினார். "பிட்டர், நீ சொல்லு."

நான் சொன்னேன். போத்தலில் பார்த்ததையும் ஈயம் உருகியதையும் எல்லாம் சொன்னேன். படகுக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"பிட்டரு என்னத் திருடன்னு சொல்லலீங்களே."

கண்டாக்கையாவின் முகம் சிவந்தது. எல்லோரையும் மலைக்குப் போகச் சொன்னார். படகுக்காரரும் மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆண்களோடு நடந்தார். படகை என்னை ஓட்டச் சொன்னார்கள்.

கரையில் மோட்டாரைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தேன். பெண்கள் கூடைகளோடு இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தது படகுக்காரர் மனைவி. என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை. படகைக் கடந்து, கரையோரமாகத் தண்ணீரைச் சுற்றிப் போகிற பாதையில் நடந்தார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக அவர் பின்னால் போனார்கள். வெறும் படகில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது.

அன்றைக்கு அந்தக் கரைக் கொழுந்து நேரத்துக்கு வரவில்லை. துரை கண்டாக்கையாவை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது.

அடுத்த நாள் காலை பெரட்டில் கண்டாக்கையா தரையைப் பார்த்துக்கொண்டு, இவன் திருடன் இல்லை என்று முணுமுணுத்தார்.

பெண்கள் வரிசையிலிருந்து படகுக்காரர் மனைவியின் குரல் வந்தது. மரியாதையான குரல்தான்.

"பின்னால கேக்கலீங்க ஐயா."

கண்டாக்கையா தலையை நிமிர்த்தி, உரக்க, இன்னொரு தடவை சொன்னார்.