மூன்றாவது ரக்அத்தில் உட்கார்ந்தவன்

எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத், தம்பி மகள் கல்யாணத்துக்காக இரண்டு நாள் சொந்த ஊருக்குப் போயிருந்தார். தொழவைக்கும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார். ஓதத் தெரிந்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். என்னிடம் விட்டதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். நான் எதிலும் பிசகாதவன். பள்ளிவாசல் கடிகாரம் ஒரு நிமிடம் பிந்தினாலும் திருத்தி வைப்பவன் நான். விரிப்பில் வரிசைக்காகப் போட்ட கோட்டை விட்டு யாருடைய குதிகால் விலகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்பவனும் நான்தான். அதனால் எனக்கு ‘அளவு டேப்பு’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. ஹார்டுவேர் கடை வைத்திருப்பதால் வந்த பெயர் என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொள்வேன்.

இரண்டாம் நாள் நண்பகல் தொழுகை, லுஹர். மூன்றரை வரிசை ஆட்கள். லுஹருக்கு நான்கு ரக்அத்; நின்று, குனிந்து, சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்து எழுவது ஒரு ரக்அத். சத்தமில்லாமல் ஓதும் தொழுகை என்பதால் எண்ணிக்கையை அவரவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு ரக்அத் முடித்து, நடு இருப்பு இருந்து, மூன்றாவதுக்கு எழுந்தேன். அன்று டைரியில் எழுதப்போகும் வரி மனதில் ஓடத் தொடங்கியது. ‘லுஹர் நான் தொழவைத்தேன். குறித்த நேரத்தில் ஆரம்பம். வரிசைகள் நேராக இருந்தன.’ ‘நேராக இருந்தன’ என்று எழுதுவதா, ‘நேராக்கினேன்’ என்று எழுதுவதா என்று யோசித்தபடியே சஜ்தாவிலிருந்து எழுந்தவன், நான்காவதுக்கு நிற்காமல் கடைசி இருப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்னாலிருந்து “ஸுப்ஹானல்லாஹ்” என்று ஒரு குரல் கேட்டது. தொழவைப்பவர் தவறினால் பின்னால் நிற்பவர் அப்படித்தான் உணர்த்த வேண்டும். வேறு பேச்சுக்குத் தொழுகையில் இடமில்லை. குரல் யாருடையது என்று உடனே தெரிந்தது. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். கோட்டைத் தாண்டி நிற்கிறாய் என்று அந்த மாதத்திலேயே அவனிடம் மூன்று தடவை சொல்லியிருந்தேன். அவன் மறுபடியும் சொன்னான். அந்தக் குரல் வேறொருவருடையதாக இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இவனுக்கு என்ன எண்ணத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே சலாம் கொடுத்து முடித்தேன்.

திரும்பி உட்கார்ந்ததும் அவன், “மூணுதான் ஆச்சு மச்சான்” என்றான்.

“நீ மொதல்ல கோட்டுக்குள்ள நில்லு. அப்புறம் எண்ணலாம்” என்றேன்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். பரளச்சிக்கு உர மூட்டை ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது அவனுக்கு. அருப்புக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும் கலைந்தார்கள். மூன்று என்று எண்ணிய வேறு சிலரும் அவர்களில் இருந்திருக்க வேண்டும். நான் தவறமாட்டேன் என்று நம்பி அவர்கள் தங்கள் எண்ணிக்கையையே கைவிட்டிருக்கிறார்கள். அப்படி நம்பும்படி அவர்களைப் பழக்கியது நான்.

தாமதமாக வந்து கடைசி வரிசையில் சேர்ந்த ஒருவர் மட்டும் தனக்கு விட்டுப்போனதைத் தனியாகத் தொழுதுகொண்டிருந்தார். காரியாபட்டியிலிருந்து பெயிண்டு ஆர்டர் எடுக்க வந்தவர். ஊரில் யாரையும் அவருக்குத் தெரியாது. முடித்துவிட்டு என்னிடம் வந்து ஒரு சந்தேகம் கேட்டார்.

“நான் வந்து சேந்ததும் ஒரு ரக்அத்து, அப்புறம் நடு இருப்பு. அதுக்கப்புறம் ஒண்ணுதான் தொழவச்சீங்க பாய். அதான் நான் ரெண்டு சேத்துக்கிட்டேன். சரிதானே?”

நடு இருப்புக்கு முன்னால் இரண்டு, பிறகு ஒன்று என்றால் மொத்தம் மூன்று. கணக்கு அதோடு தீர்ந்தது.

பக்கத்தில் நின்ற, பாங்கு சொல்லும் மோதினாரும் கேட்டுவிட்டார். வந்தவரை அனுப்பிவிட்டு, “ஹஜ்ரத் நாளைக்கு வந்துருவாக. அவுககிட்ட கேட்டுக்கிட்டு மெதுவா சொல்லிக்கலாம். இப்ப மைக்குல சொன்னா ஊரே சிரிக்கும்” என்றார். என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார். ஆனால் பிற்பகல் தொழுகையான அஸர் நேரம் வந்துவிட்டால் லுஹருடைய நேரம் போய்விடும். சலாம் கொடுத்த பிறகு நான் வாய் திறந்து பேசியும்விட்டேன். அதனால் எங்கள் ஊர் பின்பற்றும் சட்டப்படி விட்ட ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள வழியில்லை. நான்கையும் மறுபடி தொழ வேண்டும். மூன்றரை வரிசை மனிதர்களின் தொழுகை என் நாக்கில் நின்றது.

நபி (ஸல்) அவர்களே ஒருமுறை தொழுகையில் மறந்து குறைத்துவிட்டார்கள். ஒருவர் அதைக் கேட்டபோது, இவர் சொல்வது சரியா என்று மற்றவர்களிடம் விசாரித்து, விட்டதைத் தொழுது முடித்தார்கள். அதிகாலைத் தொழுகையான சுப்ஹுக்குப் பிறகு நூல் வாசிக்கும்போது இதை நானே பலமுறை வாசித்திருக்கிறேன். உண்மையை மறுப்பதும் மனிதரை இளப்பமாக நினைப்பதும்தான் பெருமை என்று அவர்கள் விளக்கியதையும் வாசித்திருக்கிறேன். அன்று ஒரே நிமிடத்தில் இரண்டையும் செய்திருந்தேன். நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.

மைக்கை எடுத்தேன். “லுஹர் ஜமாஅத்தில் மூன்று ரக்அத்துதான் தொழவைத்திருக்கிறேன். தப்பு என்னுடையது. ஒருவர் எடுத்துச் சொன்னார், நான் கேட்கவில்லை. என் பின்னால் தொழுதவர்கள் நான்கையும் மறுபடி தொழுதுவிடுங்கள்.” இரண்டு தடவை சொன்னேன். பஸ்ஸில் போனவர்களுக்குப் போன் போட்டேன். அதில் ஒருவர், “டேப்பு அறுந்துபோச்சா மாமு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பத்துப் பன்னிரண்டு பேர் திரும்பி வந்தார்கள். மோதினாரைத் தொழவைக்கச் சொல்லிவிட்டு நானும் வரிசையில் நின்று தொழுதேன்.

லோடு ஆட்டோக்காரன் மட்டும் போனை எடுக்கவில்லை. அஸருக்குச் சற்று முன் பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியான ஹவுளில், தொழுகைக்காகக் கை கால் கழுவி ஒளுச் செய்துகொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எண்ணியதுதான் சரி என்றும், எல்லோர் முன்னாலும் அவனை மட்டம் தட்டியதற்கு மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவன் காலைக் கழுவி முடித்துவிட்டு எழுந்தான்.

“நான் வழியிலயே வண்டிய நிப்பாட்டி, துண்டை விரிச்சு நாலும் தொழுதுட்டேன்.”

“அப்பவே இன்னொரு தடவை அடிச்சுச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா கேட்டிருப்பியாக்கும்.” சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னான். “அஸருக்கும் நீயே நில்லு மச்சான். நான் நேர் பின்னால நிக்கிறேன்.”

இமாமுக்கு நேர் பின்னால் விவரம் தெரிந்தவர் நிற்பது வழக்கம். பல வருடங்களாக அந்த இடம் என்னுடையது. அன்று அங்கே அவனை நிறுத்தினேன். அவனுடைய கால் கோட்டுக்கு உள்ளே இருந்ததா, வெளியே இருந்ததா என்று பார்க்கவில்லை.

மூன்றாவது ரக்அத்தில் அவன் தொண்டையைக் கனைத்தான். சட்டென்று எண்ணிப் பார்த்தேன். மூன்று. சரியாகத்தான் இருந்தது. உர மூட்டைத் தூசியில் வந்த வெறும் இருமல். நான்காவதுக்கு எழுந்து நின்றேன்.